மாசிமாவிடம் கொடுத்த சாவி

பவானிபூரில் எங்கள் டிபன் கடை இருந்த வீட்டின் பின்சுவரில் விரிசல் விழுந்திருப்பதை முதலில் பார்த்தவள் நான்தான். அப்போது அது ஒரு விரல் நீளம்கூட இல்லை. கிரைண்டர் வைத்திருந்த அறையில், ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கிளம்பி, சுவரில் தலைமயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது போல் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து, கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கல்கத்தாவுல விரிசல் இல்லாத வீடு எங்க இருக்கு? போ, சட்னிக்குத் தாளி" என்று சொல்லிவிட்டு அவர் தோசைக்கல்லுக்குப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் லேக் கார்டன்ஸில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். விடிவதற்குள் கடைக்கு வந்துவிடுவோம். என் மாமனார் திருநெல்வேலியிலிருந்து ஒரு தமிழ் மெஸ்ஸுக்குச் சமையல்காரராக வந்து, பிறகு தனியாகத் தொடங்கிய கடை. பலகையில் ஒரு பெயர் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தெருவுக்கு அது 'மாத்ராஜி தோகான்', மதராஸிக் கடை, அவ்வளவுதான். காலையில் துறைமுகத்திலும் பேங்கிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் இட்லிக்கு வருவார்கள். மத்தியானம் கல்லூரிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை குஜராத்திக் குடும்பங்கள் மொத்தமாக வந்து, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தோசை தின்பார்கள். வங்காளிகளுக்குச் சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் தூக்கலாக வேண்டும். என் மாமனார் காலத்திலேயே அதற்கு விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

எங்கள் கடைக்கு இடது பக்கம் ஒரு சர்தார்ஜியின் மோட்டார் உதிரிபாகக் கடை. வலது பக்கம் ஹோமியோபதி டாக்டர் ஒருவர். வங்காளி, கதர் ஜிப்பா போட்டவர், குரலை உயர்த்தாமல் கோபப்படக்கூடியவர். மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். எல்லோரும் அவரை மாசிமா என்றுதான் கூப்பிட்டோம், சித்தி என்கிற மாதிரி. கணவர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருந்த தங்கை மகன் ஒருவன் எப்போதாவது வந்து, படியேறும்போதே வீட்டைக் கண்ணால் அளந்துகொண்டு போவான். நடுமாடியில் உடைந்த நாற்காலி மேஜைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அங்கே யாரும் போவதில்லை.

விரிசல் கோடைக்குள் என் கையளவு நீண்டது. டாக்டர் ஒரு நாள் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அக்கம்பக்கத்தில் நாங்கள் பேசுவதெல்லாம் வங்காளத்தில்தான், சர்தார்ஜி வந்தால் இந்திக்கு மாறும். டாக்டருக்கு நான் பௌதி, சர்தார்ஜிக்கு பாபிஜி, இரண்டுக்கும் அண்ணி என்றுதான் அர்த்தம்.

"பௌதி, உங்க மெஷின் ஓடும்போது என் அலமாரியில மருந்து பாட்டில் எல்லாம் கிணுகிணுன்னு ஆடுது. நான் சும்மா சொல்லல. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் பக்கம் கிரைண்டர் சுற்ற, அவர் பக்கம் அலமாரியில் வரிசையாக நின்ற சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் போட்டன. நோயாளி ஒருவர் என்னையும் குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "வீடு பழசு. சுண்ணாம்புக் காரை. தினமும் இப்படி ஆட்டினா என்ன ஆகும்?"

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கிரைண்டரின் உரல் சுற்றும் சத்தம் அதுவரை எனக்குக் காதிலேயே விழாத சத்தம். இப்போது ஒவ்வொரு சுற்றும் என் நெஞ்சுக்குள் சுற்றியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் மகள் அந்தப் பின்னறையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். விரிசலுக்கு நேர் கீழே அவளுடைய பாய். பாயை முன்பக்கம் போடலாம் என்றால் அங்கே மேஜைகள், ஆட்கள், கொதிக்கிற காப்பி. நான் வடை தட்டிக்கொண்டே பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

தெருவில் பேச்சு பரவிவிட்டது. மீன் வாங்கப் போனால் மீன்காரர் கேட்டார், 'என்ன பௌதி, உங்க மெஷின் வீட்டை ஆட்டுதாமே?' சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மாடியிலிருந்து மாசிமா என்னைப் பார்க்கும்போது சிரிக்கவில்லை. கணவரிடம் சொன்னேன்.

"இங்கேருங்க, அந்தக் கிரைண்டர நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். அங்க வச்சு ஆட்டிக் கொண்டு வருவோம்."

"லேக் கார்டன்ஸ்ல இருந்து மாவத் தூக்கிட்டு வரச் சொல்லுதியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"வீடு விழுந்தா நம்ம தலையிலதான் பழி விழும்."

"விழட்டும் பாப்போம். எங்கப்பா காலத்துல இருந்து ஆட்டுதோம். அன்னைக்கெல்லாம் விழாத வீடு இன்னைக்கு விழுமாக்கும்."

ஆனாலும் கடைசியில் ஒத்துக்கொண்டார். எனக்காக இல்லை, டாக்டர் தெருவில் எதிர்ப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது அவரைச் சுட்டுவிட்டது. கிரைண்டரைக் கழற்றி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அதன் பிறகு எங்கள் காலைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. மாவுத் தூக்குகளை ஆட்டோவில் வைத்து, என் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வருவேன். வைகாசி வெயிலுக்கு மாவு வழியிலேயே பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு என் புடவையில் வழியும். ஆட்டோக்காரர் திட்டுவார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. மெஷின் போய்விட்டது, இனிமேல் விரிசல் நின்றுவிடும் என்று நம்பினேன்.

நம்பியதோடு விடவில்லை. மைதா காய்ச்சி, பழைய காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி வைத்தேன். சின்ன வயதில் எங்கள் ஊரில் கொத்தனார் ஒருவர் அப்படிச் செய்ததைப் பார்த்த ஞாபகம், விரிசல் வளர்ந்தால் தாள் கிழியும் என்பார். தினமும் வந்ததும் விளக்கேற்றுவதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் பார்ப்பேன். முழுதாக இருந்தது. ஒரு வாரம் போனது, பிறகு இன்னொன்று. நான் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்தேன்.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் தாள் நடுவே கிழிந்திருந்தது.

கத்தரியால் வெட்டியது போல நேராகக் கிழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். நம் மெஷின் இல்லை, நாம் இல்லை என்று மனசு துள்ளியது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. மெஷின் இல்லையென்றால், இந்தச் சுவரை அசைப்பது எது?

டாக்டரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீண்ட நேரம் பார்த்தார். விரிசலுக்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பௌதி, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் பயந்துவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரே மாநகராட்சிக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். வந்தவர்கள் சுவரைத் தட்டினார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், வாசல் தூணில் 'ஆபத்தான வீடு' என்று வங்காளத்தில் எழுதிய பலகையை ஆணியடித்துவிட்டுப் போனார்கள். கல்கத்தாவில் அந்தப் பலகை தொங்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அதன் கீழேயே மக்கள் சமைத்து, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்றுக்கொண்டு இருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆனோம். எங்கள் வாடிக்கைக்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, வழக்கம்போல இரண்டு வடை கேட்டார்கள்.

நாங்கள் ஏன் வெளியேறவில்லை என்று இப்போது என் மகள் கேட்கிறாள். அவளுக்கு அது புரியாது. வெளியேறினால் கடை போய்விடும். பூட்டைப் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வேறு பூட்டு தொங்கும். பழைய குடித்தனக்காரர்கள் போகட்டும் என்று காத்துக்கொண்டு ஊரெல்லாம் வீடு கட்டி விற்கும் புரமோட்டர்கள் சுற்றிக்கொண்டிருந்த காலம். மாசிமா எங்களை அனுப்பிவிட்டு இடத்தை விற்றுவிடுவார் என்று எங்களுக்குப் பயம். தான் ஒரு நாள் இறங்கிப் போனாலும் நாங்கள் மூவருமாக வீட்டை அமுக்கிவிடுவோம் என்று மாசிமாவுக்குப் பயம். சுவரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

சர்தார்ஜி ஒருவர்தான் வெளிப்படையாகப் பேசுவார். "பாபிஜி, எனக்குத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கோடவுன் இருக்கு. நான் அங்க போய்ப் படுத்துக்குவேன். ஆனா நீங்க எல்லாரும் போனாத்தான் நானும் போவேன். நான் மட்டும் ஏன் முட்டாளா ஆகணும்?"

ஆடி மாதம் பாதி போயிருக்கும். இரண்டு நாளாக நிற்காத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கல்லூரி இல்லை, பஸ்ஸும் சரியாக இல்லை, கடையில் ஆளே இல்லை. மகள் பள்ளியிலிருந்து பாதியிலேயே திரும்பி வந்து, ஈர உடுப்பை மாற்றப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அவளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு அவள் கத்தினாள்.

"அம்மா! தொர்ஜா குல்சே நா!"

கதவு திறக்கவில்லை என்று வங்காளத்தில் கத்துகிறாள். பயம் வந்தால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது. நான் ஓடிப்போய்த் தள்ளினேன். அந்தக் கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகும், ஆனால் இது அப்படியில்லை. கதவு நிலையின் மேல்கட்டை ஒரு பக்கமாக இறங்கிக் கதவின் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே தெரிந்தது. என் கணவர் தோளால் மோதினார். கதவு அசையவில்லை, மேலேயிருந்து காரை பொலபொலவென்று எங்கள் தலையில் கொட்டியது.

"இடிக்காதிய! இடிக்காதிய! மேல சுவரு இருக்கு!" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

சர்தார்ஜி கடப்பாரையோடு வந்தார். அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கதவை நெம்பவில்லை. கீழ்ப்பலகையைத்தான் உடைத்தார், துண்டு துண்டாக, மெதுவாக, பல் பிடுங்குவதுபோல. உள்ளே மகள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டு நான் தரையில் மண்டியிட்டுக் கிடந்தேன். ஓட்டை போதுமான அளவு ஆனதும் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தோம். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு, மழையில், தெருத்தண்ணீரில் போய் நின்றுகொண்டேன்.

"இனி யாரும் உள்ள போகக் கூடாது" என்று சொன்னேன். சொன்னேன் என்று எழுதுகிறேன், உண்மையில் அலறியிருக்கிறேன். எதிர் மாடியில் எல்லாம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

என் கணவர் வாசல்படியில் நின்றார். "ஏளா, மழையில நிக்காத. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும். முன்பக்கம் ஒண்ணும் ஆகல. உள்ள வா."

"நான் வர மாட்டேன். நீங்க வெளிய வாங்க."

"கடைய விட்டுட்டா?"

"ஆமா."

டாக்டரும் வெளியே வந்துவிட்டார். கடைசி நோயாளியைக் குடையோடு அனுப்பிவிட்டு, மாடிக்குப் போய் மாசிமாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். தனியாகத்தான் இறங்கி வந்தார். "அவங்க வரமாட்டேங்கறாங்க. நாம எல்லாம் சேர்ந்து நாடகம் போடறோம்னு நினைக்கறாங்க."

மகளைச் சர்தார்ஜியிடம் கொடுத்துவிட்டு நான் படியேறினேன். பின்பக்கப் படிக்கட்டு அது, அந்தச் சுவரை ஒட்டியே போகும். ஒவ்வொரு படியிலும் காலை வைக்கும்போது, இது கடைசி என்று நினைத்தேன். மாசிமா ஜன்னலோரக் கட்டிலில் வெள்ளைப் புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் மூன்று இடத்தில் வாளி வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாசிமா, கீழ வாங்க. கதவு நிலை இறங்கிடுச்சு. என் பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா."

"கேட்டது. ஆனா நான் இறங்கினா, நீங்க என்னை மறுபடியும் ஏற விடுவீங்களா? மூணு பேரும் ஒண்ணா இருக்கீங்க. எனக்கு யாரு இருக்கா?"

அவர் அழவில்லை. விலை கேட்பது போலத்தான் கேட்டார். சத்தியம் பண்ணினால் நம்புவாரா? அவருடைய இடத்தில் நானாக இருந்தால் நம்பமாட்டேன். கடைச் சாவி என் இடுப்பில் செருகியிருந்தது. நான் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"எங்க கடச் சாவி. நீங்க வச்சுக்கங்க. நீங்க திரும்ப மேல ஏறின பிறகு எங்களுக்குத் தாங்க."

மாசிமா சாவியைத் தொடவில்லை. குடித்தனக்காரன் வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது போலவே அவருக்கும் தெரியும். பிறகு அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"தொடாதீங்க. என்னைப் பிடிச்சுக்கங்க."

கீழே வந்து, நான் செய்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் என்னையும் மாசிமாவையும் பார்த்தார். பிறகு ஜிப்பா பையிலிருந்து தன் சாவியை எடுத்து, மாசிமாவின் கையில் வைத்தார். சர்தார்ஜி "வாஹ் பாபிஜி" என்று தலையை ஆட்டிவிட்டு, தன் சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றப் பெரிய போராட்டம் நடத்தினார். மழையில் சாவி வளையம் வழுக்கிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் எதிர்ப்பக்கக் கோடவுனில் போய் உட்கார்ந்தோம். கிரீஸ் வாசனை, டயர்கள், நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். மாசிமாவைக் கட்டிலில் உட்கார வைத்தோம். எல்லோரும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீடு விழவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. விழவில்லை. நாங்கள் மாசிமாவையும் கூட்டிக்கொண்டு லேக் கார்டன்ஸ் வந்தோம். மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. வீடு கழுவிவிட்டது போலப் பளிச்சென்று நின்றது. தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரின் நோயாளிகள் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் காலை வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். என் கணவர் என்னோடு பேசவில்லை. மகளிடம், 'அம்மாகிட்ட காப்பி கேளு' என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை மட்டும் சொன்னார், சுவரைப் பார்த்து: "எங்கப்பா கட. அதத் தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கா."

வீடு விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். விழவே விழாவிட்டால் நான் என்ன செய்வேன் என்றும் ஒரு பக்கம் பயந்தேன். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து மாசிமா இட்லியை ஈச்ச வெல்லம் தொட்டுத் தின்றார். அவருடைய முந்தானை முடிச்சையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தி கேட்டு ஹவுராவிலிருந்து தங்கை மகன் வந்தான். எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, உள்ளே எங்களுக்குக் கேட்கும்படியே பேசினான். "மாசி, மூணு சாவியும் உன் கையில இருக்கு. இதுக்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம்? திருப்பிக் கொடுக்காத. ஆபத்தான வீடு, நானே பூட்டிட்டேன்னு சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

என் கணவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

மாசிமா முந்தானை முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் இறங்கறதுக்காக இந்தப் பொண்ணு கொடுத்தா. நான் இறங்கிட்டேன். இன்னும் எதுக்கு நான் வச்சிருக்கணும்?"

முடிச்சை அவிழ்த்து, சாவியை என் கணவரிடம் நீட்டினார். டாக்டருடையதையும் சர்தார்ஜியுடையதையும் அவரிடமே கொடுத்து, சேர்த்துவிடச் சொன்னார். தங்கை மகன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். என் கணவர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"எங்க போறிய?"

"கடயத் தொறக்கப் போறேன்."

"வேண்டாம். சொல்லுதேன், வேண்டாம்."

"சாமி படத்துக்கு விளக்கு வச்சு எத்தன நாளாச்சு? முன்பக்கம் மட்டும்தான். பின்னால போகல. போதுமா?"

அவர் முன்னால் ஆட்டோவில் போக, நான் பின்னாலேயே இன்னொரு ஆட்டோ பிடித்துப் போனேன். நான் இறங்கும்போது அவர் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். நான் தெருவைக் கடந்துகொண்டிருந்தேன். முதலில் ஒரு முனகல் போலக் கேட்டது, மாட்டு வண்டி கிளம்பும்போது வருமே, அப்படி. பிறகு வீட்டின் பின்பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்த மாதிரி எனக்கு ஞாபகம். பாதி ஷட்டருக்குக் கீழேயிருந்து வெள்ளைப் புழுதி தெருவுக்குப் பாய்ந்தது. என் கணவரைக் காணவில்லை.

நான் ஓடியதும் தெரியவில்லை, யார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் தெரியவில்லை. சர்தார்ஜி ஷட்டருக்குக் கீழே படுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவினார். முதலில் ஒரு கால் வந்தது. பிறகு முழு ஆளும் வந்தார், கோலமாவைக் கொட்டியது போல வெள்ளையாக, கண் மட்டும் சிவப்பாக. கையில் தீப்பெட்டி இருந்தது. பின்னறைச் சுவர், படிக்கட்டு, மாசிமாவின் அறை எல்லாம் ஒன்றாக இறங்கியிருந்தன. முன்பக்கக் கூரை மட்டும் நின்றது. சாமி படங்கள் கோணலாகத் தொங்கின.

அவருக்குப் பல நாள் காது கேட்கவில்லை. நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழாத அந்த நாட்களில்தான் என்னிடம் மறுபடியும் பேச ஆரம்பித்தார். கேட்காததால் உரக்கப் பேசினார், அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி. "ஏளா, மாவு புளிச்சிருக்கா பாரு!" என்று அவர் கத்தியபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மாநகராட்சி எஞ்சினியர் இடிபாட்டைப் பார்க்க வந்தபோது நான் அவரை விடவில்லை. சுவருக்குள்ளேயே மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்து, வருஷக்கணக்கில் அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார். 'கிரைண்டர்?' என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் கேட்டேன். "அம்மா, கிரைண்டர் இருந்தாலும் விழுந்திருக்கும், இல்லாவிட்டாலும் விழுந்திருக்கும்" என்று அலுத்துக்கொண்டார். டாக்டர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சர்தார்ஜி தன் கோடவுனில் பாதியை மறைத்து எங்களுக்குக் கொடுத்தார். அங்கே கடை போட்டோம். இட்லியில் கிரீஸ் வாசனை வருகிறது என்று சிலர் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். டாக்டர் அதே கோடவுன் வாசலில் ஒரு மேஜை போட்டு நோயாளிகளைப் பார்த்தார். காப்பி குடிக்க வந்தவர்கள் இருமலுக்கு மருந்தும் வாங்கிப் போனார்கள். மாசிமா எங்களோடு சில மாதங்கள் இருந்துவிட்டு, பிறகு பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனார். புரமோட்டர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தங்கை மகன் ஆளையும் கூட்டிக்கொண்டு வருவான், பேச்சு முறிந்து போய்விடும். மூன்று கடைக்கும் கீழ்த்தளத்தில் இடம் என்று ஒத்துக்கொள்ளாத யாருக்கும் மாசிமா கையெழுத்துப் போடவில்லை. அதற்கு வருஷங்கள் ஆயின. ஒவ்வொரு முறை அவருக்கு உடம்பு சரியில்லாதபோதும் எங்கள் மூன்று குடும்பமும் தூக்கமில்லாமல் கிடந்தோம். அவர்மேல் உள்ள பாசம் பாதி என்றால், கடை என்னவாகும் என்ற பயம் மீதி. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. மாசிமாவே அதைச் சொல்லிச் சிரிப்பார்: "நல்லா கவனிச்சுக்கங்க, நான் போயிட்டா உங்க கடை போச்சு!"

புதுக் கட்டடம் எழும்பி முடிந்தபோது எல்லோர் கையிலும் மொபைல் போன் வந்திருந்தது. டாக்டர் அதைப் பார்க்க இல்லை. அவருடைய மகள் அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தாள். சர்தார்ஜி உதிரிபாகத்தை விட்டுவிட்டு பேட்டரி விற்க ஆரம்பித்தார். எங்கள் கடைக்குப் புதுப் பலகை போட்டோம், அதையும் யாரும் படிக்கவில்லை.

மாசிமாவுக்கு நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட். குடிபோகும் அன்று, கீழே லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஏறமாட்டேன் என்றார். அதுவரை அவர் லிஃப்டில் ஏறியதே இல்லை.

"பாதியில நின்னுட்டா?"

"நிக்காது மாசிமா."

"கரண்ட் போனா?"

"ஜெனரேட்டர் இருக்கு."

"நீ ஏறியிருக்கியா?"

நான் அந்த லிஃப்டில் ஏறியதில்லை. என் கணவர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் போங்க, நான் கீழ நிக்கேன், ஏதாவதுன்னா சத்தம் குடுங்க" என்றார். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினேன். மாசிமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே கிளம்பியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.